வாலை வெட்டி அனுப்பவும்

அந்த வருஷம் செப்டம்பரில் எங்கள் நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ரயில் தண்டவாளம் தெரியாது. சத்தம் மட்டும் வரும். சுமத்ராவில் காடு எரிகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்தப் புகை கடல் தாண்டி வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க உட்கார்ந்திருந்தது. துணியை வெளியே காயப்போட முடியாது. ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டு செருகி வைத்திருந்தேன். மாலையில் எடுத்துப் பிழிந்தால் டீத்தண்ணி நிறத்தில் வடியும்.

அது 1997. என் வீட்டுக்காரர் வேலாயுதம் ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டி முத்திரை குத்தியவர். அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்பே சிரம்பானில் வேலை பார்த்த எங்கள் மகள் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அதில் அவர் கடிதக் குழு ஒன்று நடத்தினார். பெயர் 'கடுதாசி வட்டம்'. கிள்ளான், அம்பாங், சிங்கப்பூர், லண்டன், டொரொண்டோ என்று நூற்று அறுபது பேர் இருந்தார்கள். யார் எழுதினாலும் கடிதம் முதலில் இவர் பெட்டிக்கு வரும். இவர் படித்து, தேவையானால் மேலே இரண்டு வரி குறிப்பு போட்டு, ஒரு பட்டனைத் தட்டினால் நூற்று அறுபது பேருக்கும் போய்விடும். பிறகு அது அவரவர் பெட்டியில் காத்துக் கிடக்கும். அவர்கள் போன் லைன் போட்டு எடுக்கும்போதுதான் வீட்டு மெஷினில் இறங்கும்.

குழுவில் எழுதுகிறவர்களுக்கு அவர் ஒழுங்குமுறை எழுதி வைத்திருந்தார். புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அதுதான் போகும். ஒரு வாரம் படி, அப்புறம் எழுது. கோபத்தில் எழுதியதைச் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை படி. ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஒருவருக்கே சொல்லு, ஊரைக் கூட்டாதே. எல்லாவற்றையும்விட அவர் விடாப்பிடியாக நின்றது வால் விஷயத்தில். பதில் எழுதுகிறவர்கள் முன்னால் வந்த கடிதம் முழுவதையும் அப்படியே கீழே தொங்கவிட்டு அனுப்புவார்கள். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லுக்குக் கீழே நாலு பக்கம் தொங்கும். அதைத்தான் வால் என்பார். "வாலை வெட்டி அனுப்பவும்" என்று எத்தனை பேருக்குத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று கணக்கில்லை. அம்பாங் ராதாகிருஷ்ணன் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயரே வைத்துவிட்டார். "கொடி காட்டினாத்தான் வண்டி போகும் போல" என்று குழுவிலேயே எழுதுவார். இவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

குழுவில் இருந்தவர்களில் எங்களுக்கு ரொம்ப நெருக்கம் தம்புசாமி. கிள்ளானில் தெங்கு கெலானா சாலைக்குப் பின்புறச் சந்தில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கடிதம் எல்லாம் அங்கே அச்சாகும். எங்கள் மெஷினில் தமிழ் எழுத்தைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கு ஒரே மகள் ராஜேஸ்வரி, இருபத்து மூன்று வயது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பாலன் காப்பாரில் தாய்மாமன் பழனியப்பன் வீட்டில் வளர்ந்த பையன். பழனியப்பனும் குழுவில் ஓர் உறுப்பினர். அந்தச் சம்பந்தமே குழுவில் பழகித்தான் வந்தது.

அன்று வியாழக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி.

ஓடிப் போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க?"

"தம்புசாமி லெட்டர், சீதா. எனக்கு மட்டும்னு எழுதியிருந்தான். மத்த பதினொண்ணோட சேத்து இதையும் தட்டிட்டேன்."

"எங்க தட்டுனீங்க?"

"குரூப்புக்கு."

உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். மேலே பதிலாக இவர் எழுதியது இரண்டே வரி. 'மறைக்க வேண்டாம். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.' அது மட்டும் போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. கீழே தம்புசாமியின் கடிதம் முழுவதும் தொங்கியது. ராஜேஸ்வரிக்குப் பதின்மூன்று வயதில் வலிப்பு வந்தது, பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்தது, ஐந்து வருஷமாக ஒன்றும் இல்லை, ஆனாலும் தினமும் மாத்திரை, அது பிஸ்கட் டின்னில் இருப்பது, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லாதது, சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவர் மனைவி தங்கமணி அழுவது. எல்லாம்.

வால் வெட்டப்படாமல் போயிருந்தது.

திரும்பக் கூப்பிட வழியில்லையா என்று கேட்டேன். "தபால்பெட்டிக்குள்ள கை விட்டு எடுக்க முடியுமா?" என்றார். பிறகு சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடிதான் லைன் போடுவாங்க. அதுக்குள்ள சொல்லிடலாம்."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. இங்கே சுற்றுவட்டாரத்தில் பதினோரு பேர். வேலை செய்யும் இடத்து நம்பர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "ஒரு லெட்டர் தப்பா வந்திருக்கு, படிக்காம அழிச்சிடுங்க." சிலர் சரி என்றார்கள். ராதாகிருஷ்ணன் மட்டும் சிரித்தார். எனக்கே கேட்டது.

"படிக்காதேன்னு சொன்னப்புறம் எப்படிண்ணே தூக்கம் வரும்? ஸ்டேஷன் மாஸ்டரே ரயில கவுத்துட்டாரா?"

"ராதா, கும்பிடுறேன்டா. ஒரு பொண்ணு வாழ்க்கை."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "சரிண்ணே. அழிச்சிடுறேன். சத்தியம்."

பழனியப்பனுக்கு மட்டும் அவர் போன் செய்யவில்லை.

"அவருக்குப் போன்ல படிக்காதீங்கன்னு சொன்னா படிங்கன்னு சொன்ன மாதிரி. மாப்பிள்ளை வீடு. மின்நிலையத்துல அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. நேர்ல போயிடுவோம். ஆனா முதல்ல தம்புசாமிகிட்ட சொல்லணும்."

சாப்பிடாமலே கிளம்பினோம். துருவிய தேங்காய் அப்படியே கிடந்தது. கொமுட்டர் ரயிலில் பாதிப் பேர் முகத்தில் வெள்ளை மாஸ்க். இவர் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக உதடு அசையப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஷா ஆலம் தாண்டும்போது, "எப்படிச் சொல்றது சீதா?" என்றார். 

கிள்ளானில் இறங்கியபோது சூரியன் பழுத்த தக்காளி மாதிரி மங்கலாக நின்றது, கண்ணால் பார்க்க முடிந்தது. அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மை வாசனையும் புகை வாசனையும் கலந்து தொண்டையைப் பிடித்தது. தம்புசாமி கருமாதிக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். தங்கமணி ஓரத்தில் உட்கார்ந்து தாள்களை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அடடே, அக்கா! போன் பண்ணாம வந்திருக்கீங்க! புகையில எதுக்கு இவ்வளவு தூரம்? இருங்க, வடை வாங்கியாறச் சொல்றேன்."

"வேணாம் தங்கமணி. மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு," என்றார் இவர்.

மெஷின் நின்றது. நின்றபடியே சொன்னார். எதையும் குறைக்கவில்லை, மன்னிப்பும் உடனே கேட்கவில்லை. நடந்ததைச் சீட்டில் எழுதுவது மாதிரி வரிசையாகச் சொன்னார். தம்புசாமி மை துடைக்கும் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். சுத்தமான விரலையும் திரும்பத் துடைத்தார்.

முதலில் வாயைத் திறந்தது தங்கமணிதான்.

"வாலை வெட்டு வாலை வெட்டுன்னு ஊரையே ஏசுனீங்களேண்ணே. இவர் ஒரு வாட்டி வெட்டாம அனுப்புனாருன்னு நாலு நாள் லெட்டர் போடாம நிறுத்தி வச்சீங்க. எங்க வீட்டு விஷயம்னா மட்டும் முழுசாத் தொங்கவிட்டுட்டீங்களா?"

"தங்கமணி," என்றார் தம்புசாமி.

"நான் பேசுவேன். பத்து வருஷமா அந்த டின்னைத் துணிக்கு அடியில வச்சிருக்கேன். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்னிக்கு லண்டன்காரனுக்குத் தெரியும்!"

இவர் தலை குனிந்து நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பேச வந்தேன், கையால் தடுத்தார்.

"சொல்லட்டும் சீதா. அவ சொல்றது நியாயந்தான்."

பின்கட்டிலிருந்து ராஜேஸ்வரி வந்தாள். கிண்டர்கார்டன் டீச்சர். புகைக்காக அன்று பள்ளியை மூடியிருந்தார்கள். கையில் கத்தரித்த கலர் தாள்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அங்கிள், பாலனோட மாமா படிச்சிட்டாரா?"

"இல்லம்மா. ஆறு மணிக்கு மேலதான் எடுப்பாரு. அதுக்குத்தான் ஓடிட்டிருக்கேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நான் மொதல்லயே சொன்னேன்ல பா, சொல்லிடலாம்னு. நீங்கதான் அவருக்கு எழுதிக் கேக்கணும் இவருக்கு எழுதிக் கேக்கணும்னு இருந்தீங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல அங்கிள். ஆனா சொன்னா நான் சொல்லணும். பாலன் மூஞ்சியப் பாத்து நான் சொல்லணும். அவங்க மாமா லெட்டர்ல படிச்சு, அவர் அவங்க அத்தைகிட்ட சொல்லி, அப்புறம் பாலன் என்கிட்ட வந்து உண்மையான்னு கேட்டா, அப்ப நான் மறைச்ச பொண்ணு ஆயிடுவேன் லா. ஞாயித்துக்கிழமை அவங்க இங்க வர்றாங்க. அது வரைக்கும் மட்டும் டைம் வாங்கிக் குடுங்க."

"நின்னு போச்சுன்னா?" என்றாள் தங்கமணி.

"என் வாயால சொல்லி நின்னா பரவால்லமா."

தம்புசாமி துணியைக் கீழே போட்டார். ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து மேசைமேல் எறிந்தார். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பஸ்ஸுல போனா ஆறு மணிக்குள்ள போய்ச் சேர மாட்டீங்க," என்றார். "பின் பிரேக் சரியில்ல. பாத்துப் போங்க."

மெஷினை மறுபடி ஓடவிட்டார்.

என் வீட்டுக்காரர் பின்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து இருபது வருஷம் இருக்கும். லோரிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே திடீர் திடீரென்று முளைத்தன. இருபுறமும் செம்பனை மரங்கள் நிழல் மாதிரி நின்றன. கண்ணெல்லாம் எரிச்சல். அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காப்பாரில் அந்த வீட்டு வாசலில் நின்றோம். பழனியப்பன் எங்களுக்கு முன்பே வந்து குளித்துச் சாரம் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் பெரிய உடம்பு. எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

"வாங்க boss, வாங்க தங்கச்சி. மாரியாயி, இன்னும் ரெண்டு தட்டு போடு!"

"இல்லண்ணே, சாப்பிட வரல. ஒரு சின்ன வேலை. உங்க கம்ப்யூட்டர்ல..." என்று இவர் ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர் எங்க ஓடிடப் போவுது? புகையில வந்திருக்கீங்க. மூஞ்சி கழுவுங்க. சோறு தின்னாத்தான் பேச்சு."

மறுக்க முடியவில்லை. அவர் மனைவி மாரியாயி அக்கா திருக்கை மீன் கறியும் இறால் சம்பலும் முருங்கைக்கீரையும் வைத்தார். அன்று காலையிலிருந்து எங்கள் வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பழனியப்பன் கடல்தண்ணி சூடாகி மீன் குறைந்தது பற்றிப் பேசினார், புகை பற்றிப் பேசினார், பாலனுக்குப் புது இடத்தில் வேலை கிடைத்தது பற்றிப் பேசினார். மாரியாயி அக்கா என் தட்டைப் பார்த்தார்.

"காரமா தங்கச்சி?"

"இல்லக்கா," என்றேன். ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

கை கழுவியதும் இவர் சொல்லிவிட்டார். "அண்ணே, இன்னிக்குக் காலையில ஒரு லெட்டர தப்பா எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஒருத்தர் வீட்டு விஷயம். நீங்க படிக்காம அழிச்சிடணும். என் கண்ணு முன்னால அழிக்கணும். ஏன்னு கேக்காதீங்க."

"கேக்கல," என்றார் பழனியப்பன்.

மெஷினைப் போட்டார். லைன் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கியது. நான் சாமி கும்பிட்டுக்கொண்டு இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு நின்றது. மூன்றும் மத்தியானத்துக்கு மேல் அவருக்கு நேராக வந்த சொந்தக் கடிதங்கள். தம்புசாமியின் கடிதம் இல்லை. கறிவேப்பிலைச் செடி வாடுவது பற்றிச் சிங்கப்பூர் சீமாட்டி ஒருத்தி எழுதிய நீளமான கடிதத்தை இவர் அன்று காலை வாலை வெட்டச் சொல்லித் திட்டிக்கொண்டே அனுப்பினார், அதுவும் அங்கே இல்லை.

இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். பழனியப்பன் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல," என்றார் இவர்.

"சில நேரம் வழியிலேயே போயிடும் லா," என்றார் பழனியப்பன்.

"ஆமாண்ணே. போயிடும்."

எனக்கு அழுகை வந்தது. மாரியாயி அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது பழனியப்பன் கிட்டே வந்தார். "ஞாயித்துக்கிழமை நாங்க கிள்ளானுக்கு வர்றதா இருந்துச்சு. வேணாம், அவங்களை இங்க வரச் சொல்லுங்க. பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாலனும் இருப்பான். பேச வேண்டியது ஏதாச்சும் இருந்தா நம்ம வீட்ல உக்காந்து நிதானமாப் பேசலாம்."

திரும்பும் வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், மாரியம்மன் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள் என்று. அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜேஸ்வரி காப்பாருக்குப் போய்ப் பாலனிடம் தானே சொன்னாள். பிஸ்கட் டின்னையும் கொண்டுபோய்த் திறந்து காட்டினாளாம். பாலன் மாத்திரையின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டானாம். பழனியப்பன் முதல் முறை கேட்கிறவர் மாதிரி கடைசி வரை கேட்டுவிட்டு, "எங்க பெரியம்மாவுக்கும் இருந்துச்சு, எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்க" என்றாராம். தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையை இவர்தான் பிழை பார்த்தார். தம்புசாமி அதை நீட்டியபோதுதான் நான்கு மாதம் கழித்து இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

குழுவுக்கு இவர் ஒரு கடிதம் எழுதினார். 'விதி போட்டவனே விதியை மீறினேன். வாலை வெட்டவில்லை. என்னைப் பதினைந்து நாள் எழுதவிடாமல் நிறுத்தியிருக்கிறேன்.' சொன்ன மாதிரியே பதினைந்து நாள் பட்டனைத் தட்டியது ராதாகிருஷ்ணன்.

1999 மார்ச்சில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பாசாரிலிருந்து வந்து மீன் பையை மேடையில் வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மீன் பையைப் பிரிக்கக்கூட நேரமில்லை.

பதினாறாம் நாள் முடிந்து மகள் என்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் மெஷினில் அப்பாவின் பெட்டியைத் திறந்து, வந்திருந்த இரங்கல் கடிதங்களை எடுத்துக் காட்டினாள். எழுபத்து மூன்று. ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு மாதம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியதும் அவற்றை மறுபடி படிக்க வேண்டும் போல இருந்தது. அவர் மெஷினைப் போட்டேன். லைன் கத்தி அடங்கியது. ஒரு கடிதமும் இல்லை. பயந்துபோய் மகளுக்குப் போன் செய்தேன்.

"எல்லாம் போயிடுச்சுடி!"

"போகலமா. அதை இங்க எடுத்துட்டோம்ல. ஒரு வாட்டிதான் இறங்கும். ஒரு இடத்துல எடுத்தா இன்னொரு இடத்துல வராது. அப்பாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமே."

போனை வைத்தேன். 

தம்புசாமியின் கடிதம் மட்டுமா, கறிவேப்பிலைக் கடிதமும் அன்று காப்பாரில் இறங்கவில்லை. காலையில் அனுப்பிய பன்னிரண்டில் ஒன்றுகூட இறங்கவில்லை. வழியில் தொலைந்தால் ஒன்று தொலையலாம், பன்னிரண்டும் தொலையுமா? பழனியப்பன் மின்நிலையத்து மெஷினிலேயே எடுத்திருக்கிறார். எடுத்து, எல்லாவற்றையும் படித்து, வீட்டுக்கு வந்து, குளித்து, நாங்கள் வருவோம் என்று வாசலில் நின்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்த அந்த வெகுநேரத்தில் இது அவருக்கும் புரிந்திருக்கிறது. அவருக்குப் புரிந்தது பழனியப்பனுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் அதன் மேல் ஒரு வார்த்தை போடவில்லை. என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. அது ராஜேஸ்வரி சொல்ல வேண்டியது, அவள் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது என்று அந்த இடத்திலேயே இருவருமாக முடிவு செய்துவிட்டார்கள்.

அன்று பழனியப்பனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். உங்களுக்கு எப்போது தெரியும், அவர் உங்களிடம் பிறகாவது பேசினாரா, என்று பத்துப் பதினைந்து கேள்வி. அனுப்புமுன் எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். முகவரியை மூன்று முறை பார்த்தேன், அது அவருக்கு மட்டும்தான். ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

'அண்ணே, அன்றைக்குத் திருக்கை மீன் கறி நன்றாக இருந்தது. அக்காவிடம் நான் சொல்லவே இல்லை.'

மறுநாள் பதில் வந்தது.

'அவளிடம் சொல்லிவிட்டேன், தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ராஜேஸ்வரியும் பிள்ளையோடு வருகிறாள்.'

ராஜேஸ்வரியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பழனியப்பனின் அந்தப் பதிலைத் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே தாள் முழுவதும் வெள்ளையாக இருக்கிறது. வாலை வெட்டித்தான் அனுப்பியிருந்தார்.